ஒருவருக்கான எலும்புகள்

எலும்பு பொறுக்குவதற்காகச் சென்ற காலையில் தாம்ஜி சுடுகாட்டில் கண்டது, கழுவித் துடைத்தாற்போல் வெறுமையாகக் கிடந்த இரண்டு கல்மேடைகளை. சாம்பல் இல்லை, கரி இல்லை, எரியாமல் எஞ்சிய விறகின் ஒரு சிராய்கூட இல்லை. மேடைகளின்மேல் மெல்லிய செம்மண் படலம் மட்டும் ஈரம் காயாமல் இருந்தது.

மஸ்கட்டில் ஒரு துளி மழையும் விழவில்லை. உள்மலையில் எங்கோ பெய்திருக்கிறது. ஆண்டு முழுவதும் ஆடுகள் நடந்துபோகும் ஓடை, முந்திய நாள் பிற்பகலில் பெருகி வந்து, பொழுது சாய்வதற்குள் வற்றியும் போயிருந்தது. சுடுகாட்டுக் காவல்காரன் ஷம்பே குடிசைக் கூரைமேல் ஏறி உயிர் பிழைத்தவன். கீழே இறங்க மனமில்லாமல் இன்னமும் அங்கேயே குந்தியிருந்தான். இரைச்சல் கேட்டதும் ஏறியதாகவும், அதன்பின் கண்ணைத் திறக்கவே இல்லையென்றும் அவன் சொன்னான்.

இடப்புற மேடையில் எரிந்தவர் தாம்ஜியின் தந்தை லவ்ஜி சேட். வலப்புறத்தில் எரிந்தவர் லவ்ஜியின் தம்பி மேக்ஜி சேட். அந்தக் கோடையின் காய்ச்சல் ஒரே நாளில் அண்ணனை விடியற்காலையிலும் தம்பியை உச்சிப்பொழுதிலும் கொண்டுபோயிற்று. "அண்ணன் முந்திக்கிட்டார்னு தம்பிக்குப் பொறுக்கல, ஓடிப்போய்ப் பிடிச்சுட்டார்" என்று இழவு வீட்டில் யாரோ முணுமுணுத்தபோது, சிரிக்காதிருக்கப் பலரும் பாடுபட்டனர். ஒரே சந்தில் எதிரெதிர் வீடுகளில் குடியிருந்தும், இருபது ஆண்டுகளாக ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காத சகோதரர்கள் அவர்கள். மேக்ஜிக்குப் பிள்ளை இல்லை. ஆகவே இரண்டு சிதைகளுக்கும் தாம்ஜியே தீ வைக்க வேண்டுமென்று, கட்ச் நாட்டிலிருந்து வந்து மஸ்கட்டில் வணிகம் செய்யும் எங்கள் சமூகத்தின் தலைவர் நான்ஜி சேட் தீர்ப்புச் சொன்னார். தாம்ஜியின் தாய் கேசர்பாய்க்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் மறுத்துப் பேசவில்லை.

தாம்ஜி ஓடைத்தடத்தைப் பின்பற்றி இறங்கினான். ஓடை கடலை நோக்கித் திரும்பும் இடத்தில் ஒரு கருவேல மரத்தின் வேர்கள் மண்ணரித்து வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அந்த வேர்களின் சிக்கலில் கரியும் சேறுமாக ஒரு குவியல் தங்கியிருந்தது. அவன் மண்டியிட்டு, செப்புத் தட்டில் சேற்றை அள்ளி அள்ளிக் கழுவினான். எலும்புகள் கிடைத்தன. விலாவின் துண்டுகள், கால் எலும்பின் முனைகள், மண்டையோட்டின் ஓடுகள் கிடைத்தன. கீழ்த்தாடை ஒன்று கிடைத்தது. இரண்டாவது தாடைக்காக அவன் வேர்களுக்கு அடியில் முழங்கை வரை கைவிட்டுத் துழாவினான். நகக்கண்களில் இரத்தம் கசியும் வரை துழாவினான். இல்லை. கிடைத்தவற்றை ஒரு துணியின்மேல் பரப்பிப் பார்த்தபோது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. அங்கே இருந்தவை ஒரே ஒருவருக்கான எலும்புகள். மற்றவர் போய்விட்டார்.

எங்கே போனார் என்பதையும் அங்கிருந்தே காண முடிந்தது. ஓடை கடலில் புகுந்த முகத்துவாரத்தில், நீலத்தின் நடுவே செந்நிறக் கறையொன்று இன்னும் கலையாமல் நின்றது.

தங்கியவர் எவர், போனவர் எவர்? தாடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்ணன் தம்பி இருவருமே பல் கொட்டிப்போனவர்கள். இருவரும் ஒரே உயரம், ஒரே பருமன். கையில் இருப்பது தந்தையின் தாடையாயின், அதனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சித்தப்பாவின் தாடையாயின், தந்தை கடலில் இருக்கிறார்.

கடலில் மட்டும் இருக்கக் கூடாதவர் அவர். இருபது ஆண்டுகளுக்கு முன், அவர்களுடைய தகப்பனார் மஸ்கட்டில் இறந்தபோது, மேக்ஜி கட்ச்சுக்குப் போயிருந்தார். தம்பிக்காகக் காத்திராமல் லவ்ஜி அஸ்தியைத் துறைமுகத்து நீரில் கரைத்துவிட்டார். திரும்பி வந்த மேக்ஜி, தகப்பனாரை உப்புத் தண்ணீரில் தவிக்க விட்டாய் என்று சந்தில் நின்று சத்தமிட்டார். கட்ச்சில் இருக்கும் நாராயண சரோவர் ஏரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டாமா, செத்தவருக்குத் தாகம் தீர வேண்டாமா என்று கேட்டார். லவ்ஜி அப்போது சிரித்தார். உப்பும் தண்ணீர்தானே என்றார். பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் வயது ஏற ஏற, அந்தச் சிரிப்பு அவர் முகத்தைவிட்டுப் போயிற்று. கடற்கரைப் பக்கம் நடப்பதை நிறுத்தினார். கடலைப் பார்த்த சன்னலை அடைக்கச் செய்தார். காய்ச்சலில் கிடந்தபோது, குடித்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்குவதற்கு முன்பே மறுபடியும் தண்ணீர் கேட்டார். கேட்டுக்கொண்டே மகனின் மணிக்கட்டைப் பற்றினார்.

"என்னை ஏரியில போடுடா. ஒரு பொட்டு சாம்பல்கூட கடல்ல விழக்கூடாது. உங்க தாத்தா அங்க வாயைத் திறந்துக்கிட்டு காத்திருக்கார். எனக்கு அவரைப் பார்க்க பயமா இருக்கு."

தாம்ஜி சத்தியம் செய்து கொடுத்தான். அந்தப் பிடியின் நகக்குறி அவன் மணிக்கட்டில் இன்னும் ஆறவில்லை.

கருவேல மரத்தடியில் அவன் வெகுநேரம் அமர்ந்திருந்தான். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? எலும்பைக் கொண்டுவரவில்லை என்று தாயிடம் சொல்ல நாக்கு எழாது. ஒருவரை மட்டும் கொண்டுவந்தேன் என்றால், எவரை என்ற கேள்வி வரும். ஓடை பெருகியது ஊருக்குத் தெரியும். மேடை வரை ஏறியது தெரியாது. இறுதியில், அவன் கொண்டுவந்திருந்த இரண்டு கலயங்களையும் எதிரே வைத்துக்கொண்டு, கிடைத்தவற்றைப் பாதிப் பாதியாக இரண்டிலும் இட்டான். தாடை ஒன்றில் விழுந்தது; மண்டையோடு மற்றதில். வாய்களைச் சிவப்புத் துணியால் கட்டினான். கட்டிய பின்னர், எந்தக் கலயம் எவருக்கு என்பதையும் அவனே முடிவு செய்ய வேண்டியிருந்தது. வலக்கையில் இருந்தது அப்பா என்று வைத்துக்கொண்டான்.

எலும்புக் கலயம் வீட்டுக்குள் வரலாகாது. கப்பல் வரும் வரை அது ஊர்மதிலுக்கு வெளியே மரத்தில்தான் தொங்க வேண்டும். அதன்மேல் இன்னொரு கலயம், அடியில் சிறு துளையிட்டு, நீர் நிரப்பிக் கட்டப்படும். போனவரின் தாகத்துக்கு அது சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒவ்வொரு காலையிலும் மகன் அதை நிரப்பி, பெயர் சொல்லி அழைத்து, குடியுங்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு கலயங்களும் ஒரே மரத்தில் தொங்கக் கூடாது என்று கேசர்பாய் கட்டளையிட்டாள். ஆகவே லவ்ஜியின் பெயரால் ஒன்று இலந்தை மரத்திலும், மேக்ஜியின் பெயரால் ஒன்று சற்றுத் தள்ளியிருந்த வேப்ப மரத்திலும் ஏறின.

முதல் காலையில் தாம்ஜி இலந்தையின் கீழ் நின்று, "அப்பா, குடிங்க" என்றான். சொன்னவுடன் தன் குரலே அவனுக்கு அந்நியமாகக் கேட்டது. அங்கே இருப்பவர் சித்தப்பா ஆயின், இருபது ஆண்டுகள் வெறுத்த அண்ணனின் பெயரால் நீர் ஊற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டல்லவா இருப்பார்? வேம்பின் கீழ் போய், "சித்தப்பா, குடிங்க" என்றான். அங்கே இருப்பவர் அப்பாவாயின்? திரும்பி நடக்கையில் இரண்டு மரங்களும் தன் பிடரியைப் பார்ப்பதாக உணர்ந்தான்.

நாளாக ஆக, அவனால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. குவளையை வாயருகே கொண்டுபோனால், யாரோ எதிரே வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதுபோல் தோன்றும். மோரைக் குடித்தான்; பேரீச்சம்பழத்தை மென்றான்; தண்ணீரைத் தொடவில்லை. கடற்காற்று சந்துக்குள் வீசும்போதெல்லாம் உதட்டில் படிந்த உப்பை மேல்துண்டால் அழுத்தித் துடைத்தான்.

அச்சத்துக்கு ஒரு காரணமும் கிடைத்தது. வேம்பின் நீர்க்கலயம் மாலைக்குள் காலியாகிவிடும். இலந்தையின் கலயமோ ஊற்றியது ஊற்றியபடி நிறைந்தே நின்றது. ஒரு சொட்டும் இறங்கவில்லை. முதலில் தாம்ஜி தாயிடம் பொய் சொன்னான். ஆனால் மாலையில் மதிலோரம் நடக்கப் போன நான்ஜி சேட் அதைப் பார்த்துவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களின் நடுவே அவர் தலையை அசைத்துக்கொண்டே சொன்னது, கதவுக்குப் பின்னால் அமர்ந்திருந்த கேசர்பாயின் காதில் நன்றாகவே விழுந்தது. தம்பி குடிக்கிறான், அண்ணன் குடிக்கவில்லை. லவ்ஜிக்கு என்ன மனக்குறையோ என்றார் அவர்.

அன்று எல்லோரும் எழுந்து போன பின் கேசர்பாய் மகனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவருக்கு நீ என்னடா செஞ்சே?"

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான். கால்கள் தாமாக மதில் வாசலைக் கடந்து மரங்களிடம் கொண்டுபோயின. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேம்பின் கீழ் மேக்ஜியின் மனைவி மோங்கிபாய் நின்றிருந்தாள். தாலி அறுத்தவள் இத்தனை விரைவில் வாசல் தாண்டலாமா என்று கேட்டவர்களிடம், வேறு யாரை அனுப்பட்டும் என்று அவள் திருப்பிக் கேட்டதாக ஊரில் பேச்சு. உயரமான, எலும்பும் தோலுமான பெண். இருபது ஆண்டுகளாக எதிர்வீட்டில் இருந்தவள். தாம்ஜி அவளோடு பேசியதெல்லாம் சேர்ந்து ஒரு நாழிகைக்கும் வராது.

அவன் முகத்தைப் பார்த்தும் அவள் காரணம் கேட்கவில்லை. இலந்தையிடம் வந்து, நீர்க்கலயத்தை எட்டித் தூக்கி, அடிப்புறத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

"சேறுடா. ஓடை வந்ததுல இருந்து கிணத்துத் தண்ணி கலங்கித்தானே கிடக்கு. துளை அடைச்சிருக்கு. இதுக்குப் போயி நான்ஜி சேட் ஊரைக் கூட்டிட்டாரா?"

வேப்பங்குச்சியொன்றை ஒடித்துத் துளையில் குத்தினாள். நீர் இறங்கிற்று. சிவப்புத் துணியின்மேல் முதல் சொட்டு விழுந்தது, பின் அடுத்தது. தாம்ஜியின் நெஞ்சு இலேசாகியிருக்க வேண்டும். மாறாக அவன் மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தான். கலயத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான்.

"சித்தி, அது அப்பா இல்ல. அப்பாவா இருக்கலாம். தெரியல."

அவள் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள்.

"ஒருத்தர்தான் கிடைச்சாங்க. பாதி இதுல, பாதி உங்க கலயத்துல."

"இன்னொருத்தர்?"

அவன் கடலின் பக்கம் கண்ணைத் திருப்பினான். மோங்கிபாய் அந்தத் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி பார்க்கவில்லை. அவள் கத்துவாள் என்றும், ஊர் கூடும் என்றும் அவன் எதிர்பார்த்தான். அவள் அவன் எதிரே தரையில் அமர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு மனுஷனை எடுத்து, முலாம்பழம் மாதிரி ரெண்டு வீட்டுக்கும் பங்கு வெச்சிருக்கே" என்றாள். "உங்கம்மாவுக்கு அவ்வளவு பயமா உனக்கு?"

அவன் மறுக்கவில்லை. அதன்பின், பல நாள்களாக மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்ததை அவளிடம் சொன்னான். இவரையும் கடலிலேயே கரைத்துவிடலாம். ஒருவருக்கு நடந்தது இருவருக்கும் நடந்ததாக ஆகிவிடும். எவருக்கும் அநியாயம் இராது. சத்தியம் போகும், ஆனால் அது ஏற்கெனவே போயிருக்கவும் கூடும் அல்லவா?

"ரெண்டு பேரும் தவிச்சா உனக்கு நிம்மதியா?"

"யாருன்னு தெரியாம ஏரிக்கு எப்படிச் சித்தி கொண்டுபோறது?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவே? உங்கப்பான்னா கொண்டுபோவே. என் வீட்டுக்காரர்னா?"

அதற்குத் தனக்குள் இருந்த பதிலைத் தாம்ஜி அப்போதுதான் கண்டான். கையில் இருப்பவர் சித்தப்பா என்று உறுதியாகத் தெரிந்திருந்தால், ஆத்திரத்தில் அன்றே கடலில் கொட்டியிருப்பான். மரத்தில் தொங்கிய கலயத்தைவிடத் தன் நெஞ்சே அவனை அப்போது அதிகமாக அச்சுறுத்தியது.

"ஒருத்தராவது குடிக்கட்டும்டா" என்றாள் மோங்கிபாய். "அது யாரா இருந்தாலும். ஆனா ரெண்டு பேரையும் கூப்பிடு. உங்கப்பா பேரை மட்டும் சொன்னா இவரு வரமாட்டாரு. உசிரோட இருந்தப்பவே வரல."

அன்று மாலையே தாம்ஜி தாயிடம் சொன்னான். பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய கிச்சடி அவள் முன் ஆறிக்கொண்டிருந்தது. கேசர்பாய் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். தாடை எந்தப் பக்கத்து மேடைக்கு நேராகக் கிடந்தது என்று மட்டும் கேட்டாள். ஓடை அடித்து வந்ததில் பக்கம் ஏது என்றான் அவன். அவர் கடலில்தான் இருக்கிறாரா என்றாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றான். அவள் இலையோரத்தில் இருந்த உப்பை விரலால் தள்ளித் தள்ளித் தரையில் இறக்கினாள். அதன்பின் அவள் உப்புச் சேர்த்து உண்டதை யாரும் பார்க்கவில்லை.

அவள் விரும்பியது இதுதான்: நம் பங்கு நம்மிடம் இருக்கட்டும், அதை நம் பெயரில் ஏரியில் போடு, மோங்கிபாய் பங்கை அவளே பார்த்துக்கொள்ளட்டும். பாதி எலும்புக்கு ஏரி கிடைத்தால் பாதித் தாகமாவது தீராதா என்று அவள் வாதிட்டாள். தாயின் சொல்லைத் தாம்ஜி அதுவரை ஒருமுறையும் தட்டியவன் அல்லன். இப்போது எழுந்து நின்று சொன்னான்.

"ஒருத்தரைப் பாதி பாதியா அனுப்ப மாட்டேன்மா. ஒண்ணாச் சேர்த்து ஏரிக்குக் கொண்டுபோறேன். ரெண்டு பேர் பேரையும் சொல்றேன்."

கேசர்பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கப்பல் துறைமுகத்துக்கு வரும் வரை அவள் அவனோடு பேசவில்லை. புறப்படும் காலையில், வாசலில் நின்றபடி, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முதல்ல உங்கப்பா பேரைச் சொல்லு. அவரு மூத்தவரு."

சரியென்றான்.

"அங்க ஏதாவது சகுனம் தெரியும். தெரியாம இருக்காது. அதை வந்து என்கிட்ட சொல்லாதே. நல்லதா இருந்தாலும் சொல்லாதே. நீ நல்லதுன்னு சொன்னா, பொய் சொல்றியோன்னு சாகுற வரைக்கும் பயந்துக்கிட்டு இருப்பேன்."

வேப்ப மரத்தடியில் மோங்கிபாய் ஒரு புதிய கலயத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, தாம்ஜி இரண்டு பங்குகளையும் அதில் சேர்த்தான். தாடையும் மண்டையோடும் ஒன்றோடொன்று உரசியபோது எழுந்த உலர்ந்த ஓசையில் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டனர். கலயத்தின் வாயை அவளே கட்டினாள். சகுனம் எதையும் தன்னிடமும் சொல்ல வேண்டாமென்று அவளும் கேட்டுக்கொண்டாள். கேசர்பாய் அதையே சொன்னாள் என்பதை அவன் அவளுக்குத் தெரிவிக்கவில்லை.

பயணம் முழுவதும் தாம்ஜி கலயத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. அலை எழும்பித் தளத்தில் தெறிக்கும்போதெல்லாம் முதுகைக் குனிந்து அதை மூடினான். நீ கொண்டுபோவது நெய்யா தங்கமா என்று உடன் வந்த வணிகர்கள் கேலி செய்தனர். நெய் என்றான் அவன். அவர்கள் அதை நம்பி, கட்ச்சில் இல்லாத நெய்யா என்று பின்னும் சிரித்தனர். இரவுகளில் கப்பலின் பலகைகளுக்கு அப்பால் கடல் உரசும் ஓசை, யாரோ அடித்தொண்டையால் விழுங்க முயல்வதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் தூங்கவில்லை.

நாராயண சரோவர் ஏரிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மதில்தான். ஏரிப்படிகளில் நின்றால் மதிலுக்கு அப்பால் கடலின் இரைச்சல் கேட்கும். புரோகிதர் படியில் தர்ப்பையைப் பரப்பிக்கொண்டே, யாருக்கு என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கு."

"கலயம் ஒண்ணுதானே இருக்கு?"

"கலயம் ஒண்ணுதான்."

புரோகிதர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பலவிதமான மனிதர்களைப் பார்த்துப் பழகியவர், மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு பிண்டங்களைப் பிடிக்கச் சொன்னார். தாம்ஜி நீரில் இடுப்பளவு இறங்கி நின்று, லவ்ஜி என்றான். பின், மேக்ஜி என்றான். கலயத்தைச் சாய்த்தான். எலும்புகள் ஓசையின்றி இறங்கின. எலும்பின் பொடி மட்டும் சற்று நேரம் அவன் விரல்களைச் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு அதுவும் அடங்கிற்று. குனிந்து ஒரு கை நீரை அள்ளி உதட்டில் வைத்தான். அது நல்ல தண்ணீர். பல நாள்களுக்குப் பின் அவன் தொண்டை அதை விழுங்கிற்று. விழுங்கிய மறுகணமே, மதிலுக்கு அப்பால் இருந்தவரை நினைத்து, கையில் எஞ்சியதை ஏரியிலேயே விட்டுவிட்டான்.

பிண்டங்களைப் படியில் அருகருகே வைத்தான். வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவர். மதிலின்மேல் காகங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. தள்ளி நின்று பார்க்கும்படி புரோகிதர் சொன்னார். எந்தப் பிண்டத்தைக் காகம் எடுக்கிறதோ அவர் வந்துவிட்டார் என்று பொருள். எடுக்காதது இன்னும் எங்கோ அலைகிறவருடையது. அவருக்கு வேறு பரிகாரம் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

தாம்ஜி தள்ளிப் போனான். ஆனால் நிற்கவில்லை. ஈர வேட்டி காலைத் தட்ட, படிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊர்ப்பாதையை நோக்கி நடந்தான். பின்னால் சிறகடிக்கும் ஓசை கேட்டது. ஒன்றா, இரண்டா என்று அவன் காது தானாகவே எண்ணத் தொடங்கிற்று.

"சேட், இங்க பாருங்க" என்று புரோகிதர் கூப்பிட்டார்.

தாம்ஜி இரு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு ஓடினான்.